ஆணி சொன்ன வெள்ள மட்டம்

இன்னும் வராத தண்ணீருக்கு இன்றைக்கே வழி விட்டு வைப்பதுதான் என் வேலை. சாலையும் சிறுபாலமும் போடுகிற ஓர் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான் ஓய்வு பெற இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது. திருத்தணியைச் சுற்றி எங்காவது ஓர் ஓடை சாலையைக் கடந்தால், தண்ணீர் புகுந்து போக அங்கே எத்தனை கண் வைத்துப் பாலம் கட்டுவது, எவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது என்று நான்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டால், பாலம் இருக்கிற காலம் வரைக்கும் அந்த ஓடை நான் எழுதியபடி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஓடைக்கு இதை யாரும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் இது இவ்வளவு தலைவலி இல்லை. பழைய மழைக் கணக்கை எடுப்போம், சூத்திரத்தில் போடுவோம், விடை வரும், வீட்டுக்குப் போவோம். இப்போது மழைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஒரு மாசம் நிதானமாகப் பெய்ய வேண்டியதை ஒரே மத்தியானத்தில் கொட்டிவிட்டு, அடுத்த வருஷம் முழுக்கத் தலைகாட்டாமல் இருக்கிறது. நாற்று விடுகிறவர்கள், செங்கல் காய வைக்கிறவர்கள், வடாம் பிழிகிறவர்கள், பந்தல்காரர்கள் என்று வானத்தைப் பார்த்து நாள் குறிக்கிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிலும் அப்படி யாராவது இருப்பீர்கள், உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ப் புலம்புவேன்?

இங்கே சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு பாலத்தைப் பற்றித்தான். கே.ஜி.கண்டிகையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சாலையில் ஓர் ஓடை குறுக்கே போகிறது. ஆந்திரா பக்கத்துக் குன்றுகளிலிருந்து வருகிற ஓடை. அதற்கு அந்தப் பக்கம், ஓடைக் கரையை ஒட்டி, கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் காலனி. நடுவில் மூன்று சிமெண்ட் குழாய்களைப் பதித்த பழைய தரைப்பாலம். வெள்ளம் வந்தால் முள்ளும் பிளாஸ்டிக்கும் குழாய்களை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பாதி சாலை மேல் ஏறி ஓடும், மீதி பின்வாங்கிக் காலனி வீடுகளுக்குள் போகும். இதற்குப் பதிலாகப் புதுப் பாலம் கட்டத் திட்டம் போடு என்று என்னிடம் கோப்பு வந்தது.

கழுத்தளவு

பாலம் போடுவதற்கு முன்னால், வெள்ளம் அதிகபட்சம் எவ்வளவு உயரம் வந்தது என்று ஊராரிடம் விசாரித்து எழுத வேண்டும். இது எங்கள் நடைமுறை. நானும் எங்கள் வரைவாளர் தணிகாசலமும் டேப்பை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனோம். எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்டால் எல்லோரும் கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினார்கள். ஆறடி ஆள் தன் கழுத்தைக் காட்டினார், நாலரை அடி ஆளும் தன் கழுத்தையே காட்டினார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று பார்த்த ஒரே வெள்ளம். வெள்ள நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது.

மறுநாள் மறுபடி போனோம். அதற்குள் பாலத்துக்காக ஓரத்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று வேறொரு புரளி. நேற்று கழுத்தைக் காட்டியவர்கள் எல்லாரும் இன்று கணுக்காலைக் காட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நேற்று கூரை வரைக்கும் வந்த வெள்ளம் ஒரே ராத்திரியில் எப்படி இறங்கிற்று என்று அந்த ஆறடி ஆளிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நேத்து சொன்னது வேற வெள்ளம் மேடம், இது வேற."

பாட்டில் நிறைந்தது

ஊரார் கணக்கை நம்ப முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது மழைப் பதிவேடு. பக்கத்தில் ஓர் அலுவலகத்தின் பின்புறத் தோட்டத்தில் மழைமானி இருக்கிறது. புனல் வைத்த ஓர் உருளை, உள்ளே ஒரு பாட்டில். தினம் காலையில் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுத வேண்டும். பல வருஷமாக எழுதி வருகிற பெரியவர் தடித்த நோட்டுகளை அடுக்கடுக்காகக் கொண்டுவந்து வைத்தார். அருமையான கையெழுத்து, ஓர் அடித்தல் கிடையாது. நான் உட்கார்ந்து புரட்டினேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மழையே பெய்ததில்லை என்று தெரிந்தது. அதை ஈடுகட்டும்படி திங்கட்கிழமைகளில் சேர்த்துப் பெய்திருக்கிறது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். வேறு வேறு வருஷங்களில் வந்த நாலு பெரிய மழைக்கும் ஒரே அளவு எழுதியிருந்தது, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்கூட மாறாமல். என் பாலத்தின் சூத்திரமே அந்தப் பெரிய மழையை வைத்துத்தான். உலகத்தில் எங்கேயும் நாலு மழை இப்படி ஒரே அளவில் பெய்யாதே ஐயா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பொறுமையாக விளக்கினார்.

"பாட்லு அவ்ளோதாங்க புடிக்கும். ரொம்பி வழிஞ்சிகினு இருந்தா வழிஞ்சதை நான் எங்கன்னு போய் அளக்கறது?"

மூன்று ஆணி

வெறுத்துப்போய்க் காலனிக்கு மூன்றாம் முறை போனபோது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அது வள்ளியம்மாவின் வீடு. நாற்பது வயது இருக்கும், களையெடுக்கப் போகிறவர். கணவர் ஏழுமலைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பு வீங்கிவிடும், இரண்டு தடவை தவறினால் ஆள் தங்க மாட்டார். கடைசியாக ஓடை பெருகியபோது அது வியாழக்கிழமை. ஓடை இறங்கிப் போகும் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற முனிரத்தினம் என்பவர் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து, சக்கரம் முங்குகிற தண்ணீரில் ஏழுமலையை அக்கரை சேர்த்திருக்கிறார். வள்ளியம்மா இதை அரிசி களைந்துகொண்டே சொன்னார்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஆணி ஒன்றில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே ஆஸ்பத்திரிக் காகிதங்கள், ரேஷன் கார்டு, ஆதார். அந்த ஆணிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி ஒரு பழைய ஆணி. அதற்கும் நாலு விரல் கீழே துருப்பிடித்த இன்னொன்று. என்ன இது என்று கேட்டேன். ஒவ்வொரு வெள்ளத்திலும் பை நனைந்துவிட, அடுத்த ஆணியை வந்த தண்ணீருக்குச் சற்று மேலே அடித்திருக்கிறார். கல்யாணமாகி வந்த வருஷத்து வெள்ளம், நடுவில் ஒன்று, போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஒன்று. நிவாரணமும் இல்லாமல் புரளியும் இல்லாமல், காகிதம் நனையக் கூடாது என்பதற்காக மட்டும் எடுத்த அளவு. மட்டம் பார்க்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி ஒவ்வோர் ஆணியின் மட்டத்தையும் எடுத்தோம். தணிகாசலம் மூன்று முறை சரிபார்த்தார். வெள்ளம் ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவையைவிட மேலே ஏறியிருந்தது, ஏறுகிற அளவும் கூடியிருந்தது. நான் ஆச்சரியப்பட்டு நின்றதைப் பார்த்து வள்ளியம்மாவுக்குச் சிரிப்பு.

"தண்ணி எங்க வந்து நிக்குதோ அதுக்கு மேல ஒரு ஆணி, அவ்ளோதான். இதுக்கு இன்னாத்துக்கு மேடம் முக்காலி, கண்ணாடி எல்லாம்?"

சென்னையிலிருந்து வந்தவர்

நடந்தது தெரிந்துவிட்டது, நடக்கப்போவது தெரிய வேண்டுமே. அந்தச் சமயத்தில் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். திரையில் ஒரு கோடு புறப்பட்டு, போகப் போக விசிறி மாதிரி விரிந்தது. விசிறியின் மேல் ஓரத்தின்படி மழை பெய்தால் ஏழு கண் பாலம் கட்ட வேண்டும், கீழ் ஓரத்தின்படி பெய்தால் பழைய குழாயே போதும். எனக்கு ஓர் எண் வேண்டும் சார் என்றேன். எண் கிடையாது மேடம், இதிலிருந்து இது வரைக்கும் என்கிற வீச்சுதான் உண்டு என்றார். நிச்சயமில்லாததோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் வீச்சுக்கு யார் கம்பி கட்டுவார்கள்?

ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னார். பின்னால் பெரிதாக்க முடிகிற மாதிரி இப்போதே கட்டுங்கள் என்றார். அதை நான் நோட்டில் இரண்டு கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் கையைத் தூக்கினார். முப்பது வருஷமாகப் பாலத்துக்கு வரைபடம் போடுகிறவர், வகுப்புகளில் வாயே திறக்காதவர்.

"நிச்சயமில்லாததை எந்த ஸ்கேல்ல சார் வரையறது?"

பெரிய கண், பெரிய தண்ணீர்

ஐந்து கண் வைத்து ஒரு திட்டம் தயாரித்தேன். அது எப்படியோ வெளியே தெரிந்து, ஏழுமலையை டிராக்டரில் அக்கரை சேர்த்தாரே, அந்த முனிரத்தினம் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கூடவே அவர் மகன். பாலத்தைத் தாண்டி ஓடை இறங்கும் பக்கத்தில் முனிரத்தினத்துக்கு வேர்க்கடலை போடும் நிலம். கண் பெரிதாக இருந்தால் வெள்ளமெல்லாம் தன் நிலத்துக்குள் வந்துவிடும், இரண்டு கண் போதும் என்பது அவர் வாதம். தண்ணீர் எவ்வளவு வந்தாலும் அது கீழேதான் போயாக வேண்டும், அடைத்துக்கொண்டு நின்றால் ஒருநாள் கரையை உடைத்துக்கொண்டு மொத்தமாக உங்கள் நிலத்தில்தான் விழும் என்று படம் போட்டுக் காட்டினேன். "நைனா, மேடம் சொல்றதும் கரெக்டாத்தான் கீது" என்றான் மகன். நைனா முறைத்த முறைப்பில் அவன் வெளியே டீ குடிக்கப் போய்விட்டான்.

அப்படியென்றால் ஏழுமலை எப்படி ஆஸ்பத்திரி போவது என்று கேட்டேன். அதுக்குத்தான் என் டிராக்டர் இருக்குதே என்றார். அவர் சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே மறுபடியும் ஓட்டிக்கொண்டு போவார். அப்படிப்பட்ட மனுஷனிடம் கோபப்படவும் முடியவில்லை. போகும்போது என்னைத் தேற்றுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏம்மா, பெரிய கண்ணு வச்சா பெரிய தண்ணி வரும். நீங்க சின்னதா வையுங்க, தண்ணியும் அளவா வரும்."

நடுவில் நாலு

திட்டத்தை மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். வெள்ள மட்டத்துக்கு ஆதாரம் என்ற கட்டத்தில் 'வீட்டுச் சுவரில் உள்ள மூன்று ஆணிகள்' என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "ஆணியை எந்த ரெஜிஸ்டர்லம்மா சேர்க்கிறது?" என்றார். மழைப் பதிவேட்டின்படி மூன்று கண் போதுமே என்றார். அந்தப் பதிவேட்டில் இருப்பது மழையின் அளவு இல்லை சார், பாட்டிலின் அளவு என்றேன். பழைய கணக்குக்கு மூன்று, ஆணிக்கு ஐந்து என்று அரை மணி நேரம் இழுத்தது. கடைசியில் அவர் பேனாவைத் திறந்து மூன்றையும் அடித்தார், ஐந்தையும் அடித்தார், நாலு என்று எழுதினார். நாலுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. நாலு என்றால் யாரும் சண்டை போட மாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் நோட்டில் இரண்டு கோடு போட்டது ஞாபகம் வந்தது. சரி சார், கண் நாலே இருக்கட்டும், ஐந்தாவதுக்கு அஸ்திவாரம் மட்டும் இப்போதே போட்டு மண்ணை மூடி வைத்துவிடுகிறேன், பின்னால் தேவைப்பட்டால் சாலையை உடைத்துக் கண் திறந்துகொள்ளலாம், பாலத்தை இடிக்க வேண்டியதில்லை என்றேன். அவருக்கோ ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மண்ணுக்கு அடியில இருக்கறதை யாரும் வந்து கேக்க மாட்டாங்க. போட்டுக்கம்மா."

அக்னி நட்சத்திரத்தில் மழை

எங்கள் பக்கம் வேலைக்கு நாள் பார்ப்பது ஒரு தனிக் கலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் நாலா பக்கமிருந்தும் வரும், அதனால் ஆடியில் எந்தச் சாலையையும் தோண்டக் கூடாது. ஐப்பசியில் மழை. ஆகவே அஸ்திவாரம் தோண்டச் சித்திரை வெயிலைவிட நல்ல காலம் இல்லை என்பது எங்கள் துறையில் பல காலமாக இருந்து வரும் நம்பிக்கை. அக்னி நட்சத்திரத்தின் நடுவில் குழி வெட்டி, கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட் என்று வைத்திருந்தோம். அன்று சாயங்காலம் இடி இடித்து, கண் முன்னாலேயே குழி முழுக்கச் சேறாகிவிட்டது. தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, கம்பியைக் கழுவி மறுபடி கட்டுவதற்குள் இரண்டாவது மழை. ஏன் தாமதம் என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்து சேர்ந்தது. கோடையில் மழை பெய்ததற்கு நான் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தேன். மேஸ்திரி சேற்றில் முழங்கால் வரை நின்றபடி வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், ஐப்பசி எப்போன்னு வானத்துக்குத்தான் தெரியல, உங்களுக்காவது தெரியுமா?"

காய்ந்த பாலம்

ஒருவழியாகப் பாலம் முடிந்தது. பழைய தரைப்பாலத்தை விட ஆள் உயரம் மேலே, நாலு கண்ணோடு கம்பீரமாக நின்றது. அந்த வருஷம் மழையே இல்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, ஓடையில் ஆடு மேய்ந்தது. முதல் கண்ணின் நிழலில் சீட்டாட்டம், இரண்டாவதில் ஒருவர் மாட்டைக் கட்டினார். பாலத்தின் மேல் முனிரத்தினம் தன் வேர்க்கடலையைக் காயப் போட்டார். ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி, தண்ணீரே வராத ஓடைக்கு நாலு கண் எதற்கு என்று என்னைக் கேட்டார். மண்ணுக்கு அடியில் ஐந்தாவது வேறு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்குமோ! பக்கத்திலேயே கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார் முனிரத்தினம்.

"ஏம்மா, பாலம் கட்டுனது கட்டிட்டீங்க, கையோட கொஞ்சம் தண்ணியும் வுட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்."

ஒரு சாண்

தண்ணீர் அடுத்த வருஷம் மாசி மாதத்தில் வந்தது. மாசி! திருத்தணியில் சுள்ளென்று வெயில். மேலே ஆந்திரா பக்கம் காலையிலிருந்து கொட்டியிருக்கிறது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பகல் பத்து மணிக்கு வள்ளியம்மாவிடமிருந்து போன். "மேடம், ஓடை வந்துகினு கீது. ஏறிகினே கீது." அன்று வியாழக்கிழமை. தணிகாசலத்தை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். மூன்று, ஐந்து, நாலு என்று அந்தப் பேனா அடித்து எழுதியதே கண் முன்னால் நின்றது. போய்ப் பார்த்தால் ஓடை இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. முள்மரம், வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் பாலத்தின் கண்களுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயின. தண்ணீருக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதற்கு மேல் ஏறவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழுமலையும் வள்ளியம்மாவும் உட்கார்ந்த ஆட்டோ பாலத்தைக் கடந்து போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். தணிகாசலம் டேப்பை எடுத்து எதையோ அளக்கிற மாதிரி குனிந்துகொண்டார். முனிரத்தினம் மட்டும் தன் கரையோரம் நடந்து பார்த்துவிட்டு, கரை நிற்கிறது என்று அங்கிருந்தே கையைக் காட்டினார்.

மறுநாள் காலனிக்குப் போனேன். நாலு வார்த்தை நல்லதாகக் கேட்கலாம் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன். வள்ளியம்மா வீட்டுக்குள் ஒரு சொட்டு நுழைந்திருக்கவில்லை. ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தேன். மூன்றாவது ஆணிக்கு ஒரு முழம் மேலே புத்தம் புதிதாக நாலாவது ஆணி, அதில் மஞ்சள் பை. எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிக்கொடுத்தும் நம்பிக்கை இல்லையா? தண்ணீர்தான் உள்ளே வரவில்லையே, பிறகு எதற்கு இது என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். வள்ளியம்மா எனக்கும் ஒரு டம்ளர் டீ கொடுத்தார்.

"நீங்களுந்தான் அஞ்சாவது கண்ணுக்கு மண்ணுக்கு அடியில அஸ்திவாரம் போட்டு வச்சிக்கீறீங்களாமே, மேஸ்திரி சொன்னாரு. அதே மாதிரிதான் மேடம் இதுவும்."

இந்த ஓடையின் வருங்காலத்தைத் திட்டமிட்ட பொறியாளர்கள் மொத்தம் இரண்டு பேர், அதில் ஒருத்தியின் பெயர்தான் கோப்பில் இருக்கிறது, ஏனென்றால் ஆணிக்கு இன்னும் ரெஜிஸ்டர் போடவில்லை.